அழித்து எழுதிய முப்பத்தைந்து

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வருகிறவர் என்றால், “புதுச்சத்திரம் வழியா வந்தீங்களா, வடலூர் சுத்தி வந்தீங்களா?” என்போம். வந்து சேர்ந்தாயிற்று, எந்த வழியாக இருந்தால் என்ன என்று யாரும் நினைப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்பார். எட்டு வயதுப் பிள்ளை கூட்டல் போட்டு முடித்து நோட்டை நீட்டும். அவர் விடையைப் பார்க்கமாட்டார், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். “எந்த வழியா வந்த?” என்பார். விடை சரியாக இருந்தாலும் கேட்பார், தப்பாக இருந்தாலும் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அவர் அப்படிச் சும்மா இருந்ததுதான் எனக்குப் பிடிக்காமல் போனது.

நான் அப்போது ஆசிரியப் பயிற்றுநர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மோட்டார் சைக்கிளில் போய், வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து, படிவத்தை நிரப்பி மேலே அனுப்புவது என் வேலை. கணக்கில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். அந்தத் திமிர் நிறையவே இருந்தது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, வெட்கப்படவேண்டிய வேறு விஷயங்கள் பின்னால் வருகின்றன. டீச்சர் கடலூருக்குத் தெற்கே, தொழிற்பேட்டையைத் தாண்டி, ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னால் அவர் பெயர் ஏற்கெனவே போதுமான காகிதங்களில் ஏறிவிட்டது.

2008 என்று நினைக்கிறேன். அட்டைகளை வைத்துப் படிக்கும் முறை பள்ளிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் அட்டையை எடுத்துப் படித்து, ஏணி மாதிரி வரைந்த படத்தில் படிப்படியாக மேலே போகவேண்டும். யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று சுவரில் ஒட்டிய அட்டவணையில் ஆசிரியர் டிக் அடிக்கவேண்டும். நாங்கள் போனதும் முதலில் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான். டிக் நிறைய இருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். டீச்சரின் அட்டவணையில் பேனா மையே கிடையாது, எல்லாம் பென்சில். பாதிக் கட்டங்களில் டிக்குக்குப் பதிலாகப் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருக்கும். ‘விரல் விட்டு எண்ணுகிறாள், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.’ ‘பத்து வரை தைரியம்.’ ‘கழிக்கத் தெரியும், கழித்தல் குறி தெரியாது.’ ஒரு கட்டத்தில் வெறும் கேள்விக்குறி.

“இன்னா டீச்சர் இது? டிக் அடிக்கச் சொன்னா கதை எழுதி வெச்சிருக்கீங்க?” என்றேன்.

“டிக் அடிச்சா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் சார். எனக்கு எதுவும் முடியலயே.”

“மேலேர்ந்து பார்க்க வருவாங்க. அவுங்க கேட்டா?”

“கேட்டா சொல்றேன் சார். யாருமே கேக்கறதில்ல. எத்தினி டிக்குன்னு எண்ணிப் பாத்துட்டுப் போயிடறீங்க.”

இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

தப்பு விடை என்றால் அவருக்கு ஆசை. பாசம் இல்லை, ஆசை. சர்க்கரை வியாதிக்காரர் ஜிலேபியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். சரியான விடைக்கும் கேள்வி உண்டு என்றாலும், தப்பான விடை கிடைத்துவிட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைக்கு இடது பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிடுவார். எழுதுகிற கை மறைக்கக்கூடாது என்பதற்காக இடது பக்கம். அதற்கப்புறம் மணி அடித்தாலும் எழுந்திருக்கமாட்டார்.

ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. ஒரு கூறில் பத்து எலுமிச்சம்பழம் இருக்கிறது, மூன்று கூறில் எத்தனை என்று நான்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு சின்னப் பெண் முப்பத்து மூன்று என்று எழுதினாள். நான் தப்பு என்று பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். டீச்சர் கடிகாரத்தைக் கழற்றினார்.

“எந்த வழியா வந்த?”

அந்தப் பெண் ரிப்பனைக் கடித்துக்கொண்டு நின்றாள். “ஒரு கூறு வாங்குனா எங்கம்மா ஒண்ணு மேல போடும் டீச்சர். மூணு கூறுக்கு மூணு கொசுறு.” அவள் அம்மா பழைய டவுன் மார்க்கெட்டில் எலுமிச்சை விற்கிறவர்.

“கொசுறு போடலன்னா?”

“முப்பது. ஆனா போடலன்னா திட்டுவாங்க டீச்சர். மறுபடி வாங்க மாட்டாங்க.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “இதுக்கு இன்னா மார்க் சார்?”

“சைபர்.”

“முப்பதுன்னு எழுதுன பிள்ளைக்கு?”

“ஒண்ணு.”

“அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளைய பாத்து எழுதுச்சு சார். நான் பாத்தேன்.”

நான் சிரித்தேன். மார்க் போடுகிற முறையை நான் கண்டுபிடிக்கவில்லை, மாற்றவும் எனக்கு அதிகாரமில்லை என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பெருக்கல் குறியை அழிக்க எந்த அதிகாரமும் தேவைப்பட்டிருக்காது.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்த வகுப்பில் ஒரு நாளைக்கு நாலைந்து பேரிடம்தான் அவரால் அப்படி உட்கார முடிந்தது. மற்றதுகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு கிடக்கும். பாடம் பின்தங்கும். தலைமையாசிரியை என்னைப் பார்த்தாலே தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரு தடவை வகுத்தலில் ஒரு பிள்ளையை விடாமல் கேட்டுக்கேட்டு அது அழுதேவிட்டது. அழுகிற பிள்ளையிடம் அவர், “எந்த இடத்துல அழுகை வந்துச்சு?” என்று கேட்டார். இந்தம்மாவுக்கு ஏதோ கோளாறு என்று அன்றைக்குத்தான் முடிவு கட்டினேன்.

மழைக்காலத்தில் அந்த வகுப்புக்கு நானே ஒரு தேர்வு வைத்தேன். பத்துக் கணக்கு, நாற்பது நிமிஷம். டீச்சரை வெளியே அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் இரண்டு மூன்று கணக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. யாராவது வந்து எந்த வழியாக வந்தாய் என்று கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கின்றன. அது எனக்கு அப்போது தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது. நேரம் முடிந்ததும் தாள்களைப் பிடுங்கிக்கொண்டேன்.

அறிக்கையில் எழுதினேன்: ‘மாணவர்களின் கற்றல் அடைவு மிகக் குறைவு. ஆசிரியருக்கு மாணவர்களை மதிப்பிடத் தெரியவில்லை. ஆசிரியருக்கே பின்னங்களைக் கூட்டத் தெரியாது.’ கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. ஆசிரியர் பயிற்சி தொடங்கும்போது ஒரு முன்தேர்வு வைப்போம். அதில் அரையையும் காலையும் கூட்டச் சொன்னதற்கு அவர் ஆறில் இரண்டு என்று எழுதியிருந்தார். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுகிற சின்னப் பிள்ளைத் தப்பு. வட்டம் போட்டு அந்தத் தாளையும் இணைத்தேன்.

அறிக்கையில் ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டும். அவர் நின்றுகொண்டே படித்தார். பேனாவைத் திறந்துவிட்டு, “இதுக்கு எந்த வழியா வந்தீங்க சார்?” என்று கேட்டார்.

“கையெழுத்துப் போடுங்க டீச்சர்” என்றேன்.

போட்டார். பொங்கல் கழிந்ததும் அவரை மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பினார்கள். கடலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறவேண்டும். நான் அனுப்பச் சொல்லவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதே சமயத்தில் என் வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. என் மகளும் மூன்றாம் வகுப்பு. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளி. கணக்கு மட்டும் அவளுக்கு வரவில்லை. அரையாண்டில் நூற்றுக்குப் பதினொன்று. கணக்கு இருக்கிற நாட்களில் காலையில் குடித்த பாலை வாசலிலேயே வாந்தி எடுப்பாள். புருவ முடியைப் பிய்த்துப் பிய்த்து ஒரு பக்கம் வெறுமையாகிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்தேன். கத்தினேன். ஒரு நாள் அடித்தேன். ஒரு நாள் என்று எழுதினது பொய், பல நாள் அடித்தேன். ஊரிலுள்ள ஆசிரியர்களுக்கெல்லாம் கணக்கு கற்பிப்பது எப்படி என்று மேடையில் பேசுகிறவன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து எட்டு வயதுப் பெண்ணின் கையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஆண்டுத் தேர்வில் ஒன்பது மார்க். பள்ளி முதல்வர் அம்மாள் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார். “மே மாசக் கடைசியில ஒரு ரீ-எக்ஸாம் வைப்போம் சார். அதுலயும் வரலன்னா திரும்பவும் தேர்டு ஸ்டாண்டர்டு. இல்லன்னா டிசி வாங்கிக்குங்க. நீங்களே டீச்சர்ஸுக்கு ட்ரெய்னிங் குடுக்கறவரு, நான் சொல்லணுமா?” மகள் எங்கள் நடுவில் நின்று முதல்வரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு படித்தவர்கள் மேல் வகுப்புக்குப் போவதையும் இவள் அதே பெஞ்சில் உட்காருவதையும் நினைத்துப் பார்த்தேன். இந்தப் பிள்ளையை நான் இழந்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

“யாராச்சும் ஒரு ஆளக் கேளுங்களேன்” என்று என் மனைவி அழுதாள். “எம்பிள்ளைக்கு உள்ள இன்னா ஆவுதுன்னு யாராச்சும் பாத்துச் சொல்லட்டும்.”

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் மார்க் போடத் தெரிந்தவர்கள். உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர். அவரை நான் மங்கலம்பேட்டைக்கு அனுப்பியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். இன்னொரு பரீட்சைக்குப் போகிறோம் என்று நினைத்து ஆலப்பாக்கம் தாண்டும்போதே ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். திருப்பாதிரிப்புலியூரில் மாடி வீடு. டீச்சர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளையின் புருவத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதற்கு பஸ்ஸில் நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களை ஆரம்பித்தேன். அந்த அறிக்கை, அந்தப் பின்னக் கணக்கு என்று குழறினேன்.

“அது தப்புன்னு தெரிஞ்சுதான் சார் எழுதினேன்” என்றார். “மூணு பயிற்சியில அதே தப்ப எழுதினேன். யாராச்சும் கூப்பிட்டு, ஏம்மா இப்டி எழுதினன்னு கேப்பீங்களான்னு பாத்தேன். அத விடுங்க. பாப்பாவோட பரீட்சைப் பேப்பர் இருக்கா?”

அவ்வளவுதான். அவர் என்னை மன்னித்தார் என்று சொல்லமாட்டேன். தப்பு விடைகள் நிறைந்த தாள் ஒன்று தன் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது என்பதில் அவர் என்னை மறந்துவிட்டார்.

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். பிறகு, “சார், இங்க வாங்க” என்றார்.

நாற்பத்திரண்டில் பதினேழு போனால் எத்தனை என்ற கணக்கு. என் மகள் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. வெளிச்சத்தில் பார்த்தபோது முப்பத்தைந்துக்கு அடியில் ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. பென்சில் அழுந்திய பள்ளம். இருபத்தைந்து. அடுத்த கணக்கு, தொண்ணூற்றொன்றில் முப்பத்து நான்கு. விடை அறுபத்து மூன்று, பெருக்கல் குறி. அடியில் அழித்த ஐம்பத்தேழு. அதற்கடுத்த கணக்கிலும் அப்படியே. ஒவ்வொரு தப்புக்கு அடியிலும் சரியான விடை இருந்தது. என் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகப் போட்டு, அழித்து, தப்பாக எழுதியிருக்கிறாள்.

“நீங்க கொஞ்சம் படிக்கட்டுல போய் ஒக்காருங்க சார்.”

உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

“எந்த வழியா வந்த பாப்பா?”

வெகுநேரம் சத்தமே இல்லை. டீச்சர் மறுபடி கேட்கவில்லை. பிறகு மகளின் குரல் கேட்டது. “பதினேழுலேர்ந்து இருவதுக்கு மூணு. இருவதுலேர்ந்து நாப்பத்திரெண்டுக்கு இருவத்திரெண்டு. மொத்தம் இருவத்தஞ்சு.”

“அப்புறம் ஏன் அழிச்சே?”

“அது என் வழி. மிஸ் வழில போட்டா முப்பத்தஞ்சுதான் வருது. ரெண்டுலேர்ந்து ஏழு போவாது. அதனால ஏழுலேர்ந்து ரெண்ட எடுத்தேன்.”

“எது சரின்னு உனக்குத் தோணுது?”

“இருவத்தஞ்சு.”

“அப்ப அத வெச்சிருக்கலாமே?”

“ஸ்டெப் இல்லாம சரியா வந்தா காப்பி அடிச்சதுன்னு அப்பா சொல்லுவாரு.” கொஞ்சம் பொறுத்து, “அடிப்பாரு” என்றாள்.

நான் சொல்லியிருக்கிறேன். அடித்துமிருக்கிறேன். முதல் இடைத்தேர்வின்போது இவள் நோட்டில் வழிமுறை எதுவும் இல்லாமல் விடை மட்டும் சரியாக இருந்தது. யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவள் பதில் சொல்லவில்லை. எந்த வழியாக வந்தாய் என்று மட்டும் நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். மாடிப்படியில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன்.

டீச்சர் வெளியே வந்தார். “உங்க பொண்ணுக்குக் கணக்கு வரும் சார். உங்க முன்னாலதான் வராது.”

“டீச்சர், ரீ-எக்ஸாமுக்கு ஒரு மாசம்கூட இல்ல. பாஸ் பண்ணிடுவாளா?”

“தெரியாது. அவ வழி எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து மிஸ் வழிக்குக் கூட்டிட்டுப் போவலாம். டைம் ஆவும்.”

“எவ்ளோ டைம்?”

“அத அவதான் சொல்லணும்.”

பயிற்சித்தாள் ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். தர மறுத்துவிட்டார். “வீட்ல அவ எது சொன்னாலும், சரியா இருந்தாலும், எப்டின்னு கேளுங்க. கேட்டுட்டுப் பேசாதீங்க. அதான் பயிற்சி” என்றார்.

இரண்டாவது சனிக்கிழமையும் போனோம். திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மைல்கல் ஒன்று பின்னால் போனது. “அப்பா, மொத்தம் நாப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க இல்ல? கல்லுல முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அப்ப பதினாலு வந்துட்டோம். எப்படின்னா, முப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பதுக்கு ஒம்போது, அப்புறம் ஒரு அஞ்சு” என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு.

அந்தச் சந்தோஷத்தில் நான் நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. மறுதேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டிலேயே ஒரு தேர்வு வைத்துப் பார்த்தேன். பத்துக் கழித்தலில் மூன்றுதான் பள்ளி கேட்கிற முறையில் வந்திருந்தது. மற்றதில் எல்லாம் விடை சரி, முறை இல்லை. அந்தப் பள்ளியில் முறை இல்லாவிட்டால் மார்க் இல்லை. டீச்சர் பாட்டுக்கு ‘அவதான் சொல்லணும்’ என்று உட்கார்ந்திருப்பார், என் பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே கிடக்கும். மூன்றாவது சனிக்கிழமை கடலூர் போகவில்லை. தெற்கு வீதிப் பக்கம் ஒரு ட்யூஷன் மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்டேன்.

“வழி கிழியெல்லாம் இங்க கெடையாது” என்றார் மாஸ்டர். “பக்கத்துல கடன் வாங்கு, மேல ஒண்ண அடி, கழி. ஒரு நாளைக்கு நூறு கணக்கு. புரியவேணாம் சார், கை பழகுனா போதும்.” அவர் கையில் ஸ்கேல் இருந்தது. அதைப் பார்த்தும் மகளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். “பாப்பா வரலயா சார்? வகுத்தல எந்த வழியா போடறான்னு பாக்கணும்னு காலைலேர்ந்து ஒக்காந்திருந்தேன்.”

“ஜுரம் டீச்சர்” என்றேன்.

மறுதேர்வில் அறுபத்தெட்டு. பாஸ். என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். டீச்சருக்கு நான் சொல்லவில்லை.

ஜூன் மாதம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மகளோடு நின்றுகொண்டிருந்தேன். “பஸ்ஸுல அம்பத்திரெண்டு சீட்டு. முப்பத்தேழு பேரு ஒக்காந்துட்டாங்க. மீதி எத்தினிடா?” என்றேன், விளையாட்டாகத்தான்.

“பேப்பர் குடுங்கப்பா.”

“மனசுலயே போடு. உன் வழில.”

“என் வழின்னா?” என்றாள்.

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. நான் மைல்கல்லை ஞாபகப்படுத்தினேன். பையில் பென்சிலைத் தேடிக்கொண்டே, “இல்லப்பா, கடன் வாங்கித்தான் போடணும்” என்றாள்.

திரும்பவும் டீச்சரிடம் போயிருக்கலாம். எந்த முகத்தோடு போவது? அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்வதற்காக ஒரு முறை அலுவலகப் படியேறினேன். பாதியிலேயே இறங்கிவிட்டேன்.

2012-ல் முப்பருவ முறை வந்தது. அதோடு புது மதிப்பீட்டு முறையும் வந்தது. இனி பரீட்சை மார்க் மட்டும் போதாது, குழந்தை எப்படிச் சிந்திக்கிறது என்று கவனித்துப் பதிவு செய்யவேண்டும் என்றார்கள். கடலூரில் ஒரு பள்ளி ஹாலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, நான்தான் கருத்தாளர். மைக்கைப் பிடித்துக்கொண்டு கையேட்டிலிருந்து வாசித்தேன்: ‘குழந்தை விடையை எவ்வாறு கண்டடைந்தது என்பதை ஆசிரியர் கேட்டறிந்து குறித்துக்கொள்ளவேண்டும்.’ நிமிர்ந்தபோது மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைப் போலவே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வரி எனக்குக் கண்ணில் தெரியவில்லை.

மத்தியானம் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். முன்னந்தலை நரைத்திருந்தது. அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டுதான் பக்கத்தில் போனேன். மேடையில் நான் வாசித்ததைச் சொல்லி ஒரு சிரிப்பாவது சிரித்திருக்கலாம்.

“பாப்பா எப்படி இருக்கா சார்?” என்றார்.

“நல்லா இருக்கா டீச்சர். ஏழாவது. கணக்குல தொண்ணூத்தாறு.”

அவர் தலையாட்டவில்லை. ஈரப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வகுப்புல ஃபர்ஸ்ட் ரேங்க்” என்றேன்.

இன்னும் நின்றார். வேறு என்ன சொல்வது என்று தேடினேன். அவளுக்கு எது பிடிக்கும், எதற்குச் சிரிக்கிறாள், இன்னும் எதற்காவது பயப்படுகிறாளா? கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், மார்க் ஷீட்டைக் கையெழுத்துக்கு நீட்டுகிறாள், அறைக்குப் போய்விடுகிறாள். மைல்கல்லைப் பார்த்த அந்த பஸ் பயணத்துக்கு அப்புறம், ‘எப்படின்னா’ என்று அவள் எதையும் என்னிடம் தொடங்கியதே இல்லை. பின்னால் ஆசிரியர்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். டீச்சர் நகரவில்லை.

“அவ்ளோதான் டீச்சர்” என்றேன். “எனக்கு அவ்ளோதான் தெரியும்.”